கழுத்துக் கெமராவும் பொக்கட் கெமராவும்

நம் போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். இருக்கிற காசுக்கு கழுத்தில் மாட்டுகிற ஆரம்பநிலை டீஎஸ்எல்ஆர் ஒன்று வாங்குவதா, இல்லை பொக்கட்டில் போடுகிற சின்னக் கெமரா வாங்குவதா என்று. நாற்பது பேர் பதில் போட்டிருந்தீர்கள். ஒருவர் சென்சர் பற்றி, ஒருவர் லென்ஸ் பற்றி, ஒருவர் இரண்டையும் விட்டுவிட்டு ட்ரோன் வாங்கச் சொல்லி. பாவம், அந்தப் பிள்ளை கடைசியில் நன்றி என்று மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டாள்.

நான் மாத்தளையில் ஸ்டூடியோவை மூடி நாலு வருடமாகிறது. இப்போது நான் எடுக்கிற ஒரே படம் மாதக் கடைசியில் கரண்ட் மீட்டரின் படம். ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். அதை எனக்குச் சொல்லித்தந்தது ஒரு குரங்கு. வாய்ஸ் மெசேஜில் சொன்னால் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்பீர்கள், அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கெமராவின் மானம் போன கதை. பிலிம் ஒழிந்து டிஜிட்டல் வந்தபோது கையில் இருந்ததைப் போட்டு நான் வாங்கியது ஒரு சோப்புப் பெட்டி அளவு கெமரா. படம் குறை சொல்ல முடியாமல்தான் வந்தது. அது கெமரா போல இல்லை என்பதுதான் குறை. உக்குவெலப் பக்கம் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல் என்று இரண்டு மணி நேரம் ஓடி ஓடி எடுத்தேன். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா என் தோளில் தட்டினார்.

"தம்பி, போட்டோக்காரரு எத்தனை மணிக்கு வருவாரு?"

"நான்தாங்க அது."

அவர் என்னைப் பார்த்தார், சோப்புப் பெட்டியைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரமும் நீங்க விளையாடல," என்றார். பிறகு மணவறைக்குப் போய், மணமக்களை இன்னொரு தடவை மாலை மாற்றச் சொன்னார். இந்தத் தடவை போட்டோவுக்கு என்று. சாப்பாட்டுப் பந்தியில் எனக்குக் கிடைத்தது மேளக்காரர்களுக்கும் பின்னால் ஓர் இடம். அப்பளம் முடிந்திருந்தது.

அடுத்த மாதமே கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த டீஎஸ்எல்ஆரை வாங்கினேன். அதன் வாயில் மாட்ட, ரசச் சட்டி அளவுக்கு ஒரு ஹூட்டும் வாங்கினேன். அதைக் கழுத்தில் மாட்டிய நாளிலிருந்து நான் "போட்டோகிராபர் சேர்" ஆகிவிட்டேன். முதல் பந்தி, இரண்டு அப்பளம். ஒரு தடவை அதன் பெட்டரி செத்துப்போன பிறகும் அரை மணி நேரம் சும்மா தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். குடும்பம் குடும்பமாக வந்து நின்று திருப்தியோடு போனார்கள். உள்ளதைச் சொன்னால், அன்று அவர்களை எடுத்தது மறு கையில் இருந்த சோப்புப் பெட்டிதான். அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் பெரியதைக் கழுத்திலும் சின்னதைச் சட்டைப் பொக்கட்டிலும் போட்டுக்கொண்டு போவது என் வழக்கமாயிற்று.

சின்னதுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. படத்தின் வலது மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் தேதி அடிக்கும். அதன் உள்ளே இருக்கிற கடிகாரம் பழுதாகி, ஒவ்வொரு தடவையும் தான் பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போய்விடும். இன்றைக்குச் சரி செய்கிறேன், நாளைக்குச் சரி செய்கிறேன் என்று விட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். பெண் தர்ஷினி, மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முன்பள்ளி டீச்சர். மாப்பிள்ளை ரவி, பல்லேபொலக்காரர், வெளிநாட்டில் ஒரு பேக்கரியில் வேலை. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். குளிர்கிற நாடு, அவ்வளவுதான். அந்த நாட்டுக்காரர்கள் இன்னும் என்மேல் ஒரு கண் வைத்திருக்கலாம். ஒன்றரை வருடம் போனிலேயே பேசிப் பழகி, மூன்று வார லீவில் ரவி வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. பெண்ணுக்கு விசா பிறகு.

என்னை வேலைக்குப் பிடித்தது ரவியின் அம்மா பார்வதி அக்கா. மிளகும் கிராம்பும் பயிர் செய்து, தனி ஆளாக மகனை வளர்த்து ஆளாக்கிய மனுஷி. ஸ்டூடியோவுக்கு வந்து, என் படங்களைப் பார்க்காமல் பெரிய கெமராவை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார், சந்தையில் பலாக்காய் வாங்குகிற மாதிரி.

"பாரமாத்தான் இருக்கு. வாங்க தம்பி," என்றார்.

கோயிலுக்கு முன்னால் பந்தல். பக்கத்தில் பலா மரங்கள், அவற்றில் குரங்குகள். நம் பக்கத்தில் திறந்த வெளியில் கலியாணம் வைத்தால், குரங்கு விரட்டவென்றே தடியோடு ஒரு மாமாவை நிறுத்தி வைப்போம் அல்லவா? அங்கேயும் ஒரு மாமா இருந்தார். அவர் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். தேங்காயில் சுற்றிய தாலியைத் தட்டில் வைத்து, எல்லோரும் தொட்டு வாழ்த்தி, தட்டு மணவறைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஓமப் புகை கண்ணை எரித்தது. குருக்கள் கெட்டிமேளத்துக்குக் கை தூக்கினார். அந்த நேரம் பந்தல் கம்பு வழியாக ஒரு குரங்கு இறங்கியது. அவசரமே படாமல் தேங்காயை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கம்பு மேலே ஏறி உட்கார்ந்தது. மஞ்சள் கயிறும் தாலியும் அதன் வயிற்றில் தொங்கின. மேளம் நின்றது. முந்நூறு பேர் அண்ணாந்து பார்த்தோம்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? தொழில்காரன் செய்வதைத்தான் செய்தேன். பெரிய கெமராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். குரங்கு என்னைப் பார்த்தது, உடனே இன்னொரு கம்பு மேலே போய்விட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாவுலயிலிருந்து மாத்தளை வரைக்கும் தோட்டம் வைத்திருக்கிற ஆட்கள் குரங்கை விரட்ட எயார் ரைபிள் தூக்குகிறார்கள். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்த கறுப்புக் குழாய் என்றால் நம் ஊர்க் குரங்குக்கு ஒரே அர்த்தம்தான். அந்தக் கம்புக்கு மேலே பலா மரம், பலா மரத்துக்கு அப்பால் காடு. இன்னும் ஓர் அங்குலம் நான் கெமராவை அசைத்தால், தாலி காட்டுக்குப் போய்விடும்.

குருக்கள் உதடு அசைக்காமல் சொன்னார். "போட்டோக்காரரே, அதக் கீழ எறக்குங்க. மெதுவா."

ஒரு போட்டோக்காரனுக்கு அதுதான் மிகக் கஷ்டமான வேலை. முன்னால் அப்படி ஒரு காட்சி, கை கெமராவை இறக்க மறுக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு படம், ஒரே ஒரு படம் என்று மனது அடித்துக்கொண்டது. அப்போது தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். இறக்கிவிட்டேன். மறு கை தானாகப் பொக்கட்டுக்குப் போனது. சோப்புப் பெட்டியை எடுத்து, பிளாஷை நிறுத்தி, நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். குரங்கு அதையும் பார்த்தது. உக்குவெலச் சித்தப்பா பார்த்த அதே பார்வை. இது கெமரா இல்லை என்று முடிவு செய்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ரவியின் தாய்மாமன் கையை நீட்டி, "குடுத்துரு ராசா, குடுத்துரு," என்று கெஞ்சினார். குரங்கு அசையவில்லை. பார்வதி அக்கா எங்கிருந்தோ ஒரு செருப்போடு வந்து நின்றார். அப்போது தர்ஷினி எழும்பினாள். கூறைப் புடவையோடு, நகையோடு, மணவறை நாற்காலியில் ஏறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிப் பிடித்தாள். நாற்காலி ஆடியது. ரவி பின்னாலிருந்து அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் குரங்கிடம் சிங்களத்தில் பேசினாள்.

"தீப்பன் புத்தே. ஹொந்த எக்கா நே."

கொடு மகனே, நல்ல பிள்ளை அல்லவா என்று. குரங்கு ஒரு கம்பு கீழே இறங்கி, தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்றது. யோசித்தது. இன்னொன்றைத் தின்றது. பிறகு தேங்காயை, சந்தைக்காரன் மிச்சக் காசு கொடுப்பது போல அவள் கையில் வைத்துவிட்டு, பழச் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் தேங்காயை அணைத்தபடி சிரித்தாள். ரவி அவளைப் பார்த்துச் சிரித்தார். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன், மொத்தம் ஏழு படம். பிறகு மேளம் கொட்டியது, தாலி ஏறியது, பெரிய கெமராவைத் தூக்கினேன், எல்லோரும் அடையாள அட்டைக்கு நிற்பவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்பே பார்வதி அக்கா என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தாலி கொரங்கு கையில இருந்துச்சுன்னு ஒரு சாட்சி இருக்கக் கூடாது தம்பி."

"முந்நூறு பேர் பாத்தாங்களேக்கா."

"அவுங்க மறந்துருவாங்க. கெமரா மறக்காது. மாரியம்மன் மேல சத்தியம் பண்ணுங்க, அது ஒங்க கெமராவுல இருக்காதுன்னு."

பண்ணினேன். அன்று வீட்டுக்குப் போனதும் சோப்புப் பெட்டியிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு, மேசை லாச்சியில் வைத்தேன். ஆகவே அது கெமராவில் இருக்கவில்லை. அம்மனும் நானும் இந்த விஷயத்தை இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

அடுத்தது அல்பம். அந்தக் காலத்து அல்பம் எப்படி இருக்கும் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை துபாயில் இருந்தால் பின்னால் உயரமான கட்டடம், கனடாவில் இருந்தால் நீர்வீழ்ச்சி. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கலியாணப் பெண்ணுக்குப் பூ வைப்பது போல, படத்துக்கு ஒரு மரியாதை. பார்வதி அக்காவும் கேட்டார்.

"வாழ மரமும் பந்தல் துணியும் எதுக்கு தம்பி? ரவி இருக்கிற நாட்டப் போடுங்க."

போட்டேன். பனி மலை, ஏரி, கோட்டை, சிவப்பு டிராம் வண்டி ஓடுகிற தெரு. அது பொருந்திவிட்டது, பெண்ணின் முகம்தான் பொருந்தவில்லை. பெரிய கெமராவுக்கு முன்னால் அவள் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது எடிட்டிங் பைத்தியம் முற்றியிருந்தது. லாச்சியைத் திறந்து, குரங்கு தேங்காயைக் கொடுத்த பிறகு அவள் சிரித்த அந்த ஒரு சிரிப்பை வெட்டி எடுத்து, பதினொரு படத்தில் ஒட்டினேன். சிரிப்பு கொஞ்சம் மேலே பார்த்தபடி இருந்தது. மலை உச்சியைப் பார்க்கிறாள் என்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பார்வதி அக்கா அந்த அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பல்லேபொல முழுக்கச் சுற்றினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எட்டு மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் ஸ்டூடியோவுக்கு முன்னால் த்ரீவீலிலிருந்து இறங்கினார்கள். தர்ஷினி ஒரு கடிதத்தை நீட்டினாள். விசா மறுப்பு. அதை நான் மூன்று தடவை வாசித்தேன், மூன்று தடவையும் காது சுட்டது.

விண்ணப்பதாரி இதுவரை இலங்கையை விட்டு வெளியே போனதில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அனுப்பிய பதினொரு படத்திலும் அவர் எங்கள் நாட்டில், நான்கு வெவ்வேறு ஊர்களில் நிற்கிறார். கடும் குளிர்காலத்தில் மேலங்கி இல்லாமல் நிற்கிறார். கணவர் பனியில் வெறுங்காலோடு நிற்கிறார். விண்ணப்பதாரியின் முகம் எல்லாப் படங்களிலும் ஒன்றாகவே இருக்கிறது. அவர் ஒரு படத்திலும் கணவரைப் பார்க்கவில்லை, கணவரின் தலைக்கு மேலே வேறு எதையோ பார்க்கிறார். பதிவுச் சான்றிதழ் பதிவுக்குத்தான் சாட்சி. இவர்கள் உண்மையில் சந்தித்தார்களா என்பதே எங்களுக்குச் சந்தேகம். புதிய ஆதாரத்தோடு ஒரு மாதத்துக்குள் நேர்முகத்துக்கு வரலாம். அதிலும் தவறினால் மறுபடி விண்ணப்பிக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தர்ஷினி முன்பள்ளி வேலையை விட்டுவிட்டாள், எப்படியும் போகிறோமே என்று. பல்லேபொல பஸ்ஸில் ஏறினால், "மருமக இன்னும் போகலையா?" என்று கேட்கிறவர்களும், அவனுக்கு அங்கே வேறு யாரோ இருக்கிறாளாம் என்று கேட்காமலே சொல்கிறவர்களும். ரவி பேக்கரியில் இடைவேளைக்கு இடைவேளை போன் எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் மழையா என்று கேட்பாராம். இது அத்தனையும் என் கைவேலை. அந்த நாளில் நான் வெட்கப்பட்டது போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அண்ணே," என்றாள் தர்ஷினி, "இந்தச் சிரிப்ப எங்கேருந்து எடுத்தீங்க?"

நான் மேசையைத் துடைத்தேன்.

"அன்னைக்கி நான் ஒரே ஒருக்காத்தான் சிரிச்சேன். அதான் கேக்குறேன்."

லாச்சியைத் திறந்து கவரை எடுத்தேன். ஏழு படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டேன். பார்வதி அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாரியம்மன் மேல சத்தியம் பண்ணீங்களே."

"கெமராவுல இல்லக்கா. கவர்லதான் இருந்துச்சு."

அவர் பார்த்த பார்வைக்கு அந்தச் செருப்பே தேவலை. "இத அனுப்ப விட மாட்டேன்," என்றார். "தாலி கொரங்கு கையில. குருக்கள் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாரு. நான் செருப்போட நிக்கிறேன். இதப் பாத்தா எந்த நாட்டுக்காரன் விசா குடுப்பான்?"

தர்ஷினி அல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "அத்தே, இதுல ஒங்க மகன் எங்க பாக்குறாருன்னு சொல்லுங்க."

"கெமராவப் பாக்குறான்."

"பதினொண்ணுலயும் கெமராவத்தான் பாக்குறாரு. அதுல பாருங்க."

ஏழாவது படத்தில் ரவி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், இரண்டு கையும் இன்னும் அவள் இடுப்பில். பார்வதி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, "கொண்டு போங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. செம்மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று ஒரு வருடம். தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இந்த வருஷம் நான் மூணாம் வகுப்பு படிச்சேன்."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அந்தத் தேதியை அழிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். சரியான தேதியை அதே எழுத்தில் போட இன்னும் ஐந்து நிமிடம். யாருக்கும் தெரியாது. கை மவுஸில் போய்விட்டது. ஒரு மலையை நட்டவனுக்கு நாலு இலக்கம் என்ன பெரிய காரியம்? ஆனால் அந்த மலைதான் அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. நான் மவுஸை விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஜவாத் ஹாஜியாரிடம் போனேன். வாசனைத் திரவிய வியாபாரி, சமாதான நீதவான். நடந்ததைச் சத்தியம் செய்து எழுதுகிற சத்தியக்கடதாசிக்கு ஒப்பம் வைக்க டவுனில் அவரை விட்டால் எனக்கு ஆள் தெரியாது.

ஹாஜியார் முதலில் அல்பத்தைப் பார்த்தார், பிறகு ஏழு படத்தையும் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

"காணி உறுதிக்கு ஒப்பம் வெச்சீக்கேன். பேர் மாத்தத்துக்கு வெச்சீக்கேன். கொரங்குக்கு இதுவரைக்கும் வெச்சில்ல," என்றார். "சொல்லுங்க மகன், ஒண்ணும் ஒளிக்காம சொல்லுங்க. எழுதுவம்."

அந்தக் கடதாசியின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்று, மலை என்னால் போடப்பட்டது. இரண்டு, பனி, ஏரி, கோட்டை, சிவப்பு டிராம் ஆகியவையும் என்னால் போடப்பட்டவை. மூன்று, மணமகளின் சிரிப்பு அவருடையதே. ஆனால் அது ஓர் இடத்திலிருந்து எடுக்கப்பட்டுப் பதினொரு இடங்களில் என்னால் வைக்கப்பட்டது. நான்கு, படத்தில் உள்ள வருடம் கெமராவின் பழுது; அந்த வருடத்தில் மணமகள் மூன்றாம் வகுப்பில் கல்வி கற்றார். ஐந்து, குரங்கு என்னால் போடப்படவில்லை.

ஐந்தாவதை எழுதியதும் ஹாஜியார் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கொரங்கு உண்மைதானே மகன்?"

பார்வதி அக்கா முந்திக்கொண்டார். "உண்மைதாங்க. நான் செருப்போட நின்னேன்." முந்நூறு பேர் மறந்துவிட வேண்டும் என்று நினைத்ததை அவரே வாயால் சாட்சி சொன்னார். ஹாஜியார் முத்திரையைக் குத்தினார்.

நேர்முகம் கொழும்பில். என்னை உள்ளே விடவில்லை, எதிர்ப்பக்க நடைபாதையில் மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே நடந்ததைத் தர்ஷினி வெளியே வந்து சொன்னாள், மிச்சத்தை ரவி பிறகு சொன்னார். அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். சத்தியக்கடதாசியின் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஏழு படத்தையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாராம். திரும்பி வரும்போது பின்னாலேயே இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்து நின்றார்களாம்.

ஒரே விஷயத்தைத்தான் கேட்டார். "குரங்கோடு எந்த மொழியில் பேசினீர்கள்?"

"சிங்களம்."

"ஏன்?"

"அது புத்த பன்சலைப் பக்கத்துலேருந்து வர்ற கொரங்குங்க. அங்க பூசைப் பழம் குடுக்கிறவங்க சிங்களத்துலதான் கூப்புடுவாங்க."

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, அங்கிருந்தே ரவிக்குப் போன் எடுத்தார்கள். ரவி கையில் மாவோடு நின்றாராம். வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. உங்கள் மனைவி குரங்கோடு எந்த மொழியில் பேசினார் என்று கேட்டார்கள். பேக்கரியில் நின்றுகொண்டு காலங்காத்தால இப்படி ஒரு கேள்வி வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தனக்கு அடுப்பு வெப்பம் தலைக்கேறிவிட்டது என்றுதான் ரவி நினைத்திருக்கிறார்.

"சிங்களம்," என்றார். பிறகு, பாதியில் விட மனமில்லாமல், "மொதல்ல எங்க மாமா தமிழ்ல கேட்டாரு. அது குடுக்கல," என்றார்.

"அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?"

"சிரிச்சோம். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் பயமாத்தான் இருந்துச்சு. போன்லயே பழகினவங்க இல்லையா. அதுக்கப்புறம் பயம் போயிருச்சு."

மூன்று வாரத்தில் விசா வந்தது. தர்ஷினி போகும்போது அல்பத்தை இங்கேயே விட்டுவிட்டு, ஏழு படத்தை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

இனி, கேள்வி கேட்ட தங்கச்சிக்கு விடை. கழுத்துக் கெமராவை நான் கேலி செய்யவில்லை. அது இல்லாமல் போனால் உன்னை யாரும் மதிக்க மாட்டார்கள், அப்பளமும் கிடைக்காது. இரண்டும் வாங்க வசதி வந்தால் இரண்டையும் வாங்கு. ஒன்றுதான் முடியும் என்றால் குரங்கு பயப்படாததை வாங்கு. கெமரா கண்ணில் பட்டால் மனிதர்களும் அந்தக் குரங்கு மாதிரித்தான், ஒரு கம்பு மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள். எதை வாங்கினாலும், பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகத் தேதியைச் சரி செய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தர்ஷினி போன அடுத்த வாரம் பார்வதி அக்கா தனியாக பஸ்ஸில் வந்தார். அந்த ஏழாவது படத்தைப் பெரிதாகப் பிரேம் போட்டு வேண்டும் என்றார். வீட்டுச் சுவரில் பனி மலை தொங்கிய இடத்தில் மாட்டுவதற்கு.

"ஒரு சின்ன வேல தம்பி. என் கையில இருக்கிற செருப்ப மட்டும் எடுத்துருங்க."

"முடியாதுக்கா. சத்தியக்கடதாசியில ஒப்பம் வச்சிருக்கேன். செருப்பு நான் போட்டதில்ல."

அவர் கதிரையில் உட்கார்ந்து படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்," என்றார். "அது தாலியத் தூக்கிட்டு ஓடியிருந்தா நான் அடிச்சித்தான் இருப்பேன். எவ்வளவு பெரிசாப் போட ஏலுமோ அவ்வளவு பெரிசாப் போடுங்க தம்பி. வீட்டுல இப்ப பேச ஆளில்ல. ரெண்டு பேர் மொகமும் நல்லாத் தெரியணும்."

கடையில் இருந்ததிலேயே பெரிய பிரேமை எடுத்தேன். தேதியை வெட்டாமல்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.